மிதிவெடியும் மனச்சான்றும்

நாடுகள் தம்முள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளைப் பற்றி நம்மைப் போன்ற எளிய மனிதர் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. தொலைதூர நகரொன்றில், நீண்ட மேசையின் இரு புறமும் அமர்ந்திருப்போர் கையொப்பமிட்டு வைக்கும் தாள்கள் அவை என்பதே பலருடைய எண்ணம். ஆயினும் ஒரு சில உடன்படிக்கைகள் நம் வீட்டு வேலி வரைக்கும் வந்து சேர்கின்றன. 1997 டிசெம்பர் மாதத்தில் கனடாவின் ஒட்டாவா நகரில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட, ஆட்களைக் கொல்லும் மிதிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை அத்தகையது. பச்சிலைப்பள்ளி மண்ணிலே பிறந்து வளர்ந்த எனக்கு, அது எங்கள் தென்னந்தோட்டத்தைப் பற்றிய உடன்படிக்கை.

அந்த உடன்படிக்கையிலிருந்து சில நாடுகள் விலகிவிட்டன. 2025 மார்ச் மாதத்தில் போலந்து, எஸ்தோனியா, லற்வியா, லித்துவேனியா ஆகிய நான்கு நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்களும் விலகலைப் பரிந்துரைத்துக் கூட்டறிக்கை வெளியிட்டனர். அடுத்த மாதத்தில் பின்லாந்தும் அவ்வழியே செல்ல முனைந்தது. அறிவித்தல் கொடுத்து ஆறு மாதங்கள் கழிந்ததும் விலகல் நடைமுறைக்கு வரும் என்பது விதி. அவ்விதிப்படி மூன்று பால்டிக் நாடுகளின் விலகல் 2025 டிசெம்பரிலும், பின்லாந்தின் விலகல் 2026 ஜனவரியிலும், போலந்தின் விலகல் 2026 பெப்ரவரியிலும் நிறைவெய்தின. போரின் நடுவே நிற்கும் உக்ரேனும், தன் கடப்பாடுகளை நிறுத்தி வைப்பதாக 2025 இன் நடுப்பகுதியில் அறிவித்தது. ரஷ்யா, அமெரிக்கா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் முதலிய பெரும் படையுடைய நாடுகள் தொடக்கத்திலிருந்தே இதில் சேரவில்லை.

இச்செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்த நாள்களிலிருந்து என் உள்ளம் அமைதி இழந்திருக்கிறது. விலகிய நாடுகள் தீயவை என்று சொல்லி இக்கலக்கத்தைத் தீர்த்துக்கொள்ளவும் என்னால் இயலவில்லை. அவர்களுடைய அச்சம் உண்மையானது. அச்சத்தின் சுவையை நாமும் அறிந்தவர்கள். ஆகவே இதனைச் சற்றுப் பொறுமையாகச் சிந்திக்க வேண்டும் என்று தோன்றியது.

மிதிவெடிக்கு வேறு படைக்கலங்களுக்கு இல்லாத ஓர் இயல்பு உண்டு. துவக்கை ஏந்தியவன் சுடுவதற்கு முன் ஒரு கணமாவது எதிரே நிற்பவனைப் பார்க்கிறான். சுடாமல் விடும் சுதந்திரம் அந்தக் கணத்தில் அவனிடம் இருக்கிறது. மிதிவெடியைப் புதைத்தவனோ போய்விடுகிறான். நாளை அவ்வழியே வரப்போகிறவர் படைவீரரா, பள்ளிச் சிறுமியா, மாடு தேடி வரும் முதியவரா என்பதை அவன் அறியான். அறிய வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. சாவை முடிவு செய்யும் பொறுப்பை அவன் மண்ணிடம் ஒப்படைத்துவிட்டான். அதனை நிறைவேற்றி வைப்பது மிதிக்கிறவரின் பாதம். போர் முடிந்த செய்தியைப் படைகளுக்குச் சொல்லலாம். புதைந்திருக்கும் வெடிக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை.

இக்கொடுமையை முதலில் உணர்ந்தவர்கள் போர்க்களங்களில் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர்களும், துயர்துடைப்புப் பணியாளர்களுமே. 1992 இல் ஆறு தொண்டு அமைப்புகள் ஒன்றுகூடி மிதிவெடிகளுக்கு எதிரான உலகளாவிய இயக்கமொன்றைத் தொடங்கின. 1996 ஒக்டோபரில் ஒட்டாவாவில் நடந்த மாநாட்டின் முடிவில், கனடாவின் வெளியுறவு அமைச்சர் லொயிட் அக்ஸ்வேர்தி எவரும் எதிர்பாராத ஓர் அழைப்பை விடுத்தார்: இன்னும் ஓராண்டில் முழுத் தடை உடன்படிக்கையோடு இங்கே திரும்பி வாருங்கள் என்றார். வல்லரசுகள் புன்னகைத்தன. ஆனால் 1997 செப்டெம்பரில் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் உடன்படிக்கையின் வாசகம் நிறைவேறியது. டிசெம்பரில் 122 நாடுகள் கையொப்பமிட்டன. அவ்வாண்டின் நோபல் அமைதிப் பரிசு அந்த இயக்கத்துக்கும் அதனை ஒருங்கிணைத்த ஜோடி வில்லியம்ஸ் அம்மையாருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. திருப்பீடமும் 1998 இலேயே இதனை உறுதிப்படுத்தித் தன்னை இணைத்துக்கொண்டது. 1999 மார்ச் முதலாம் நாள் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

அதன் பயன் சிறிதன்று. உறுப்பு நாடுகள் தம் கிடங்குகளில் வைத்திருந்த ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்ட மிதிவெடிகளை அழித்திருக்கின்றன. ஒரு காலத்தில் மிதிவெடி நாடு என்று பெயர் பெற்றிருந்த மொசாம்பிக், 2015 இல் தன் நிலத்தில் அறியப்பட்ட மிதிவெடி வயல்கள் அனைத்தும் துப்புரவாக்கப்பட்டதாக அறிவித்தது. நமது இலங்கையும், நீண்ட தயக்கத்துக்குப் பின்னர், 2017 டிசெம்பரில் இவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. பல்லாண்டுகள் போரிட்டு, இரு தரப்பாலும் இலட்சக்கணக்கில் மிதிவெடிகள் விதைக்கப்பட்ட ஒரு நாடு, இனி இதனைத் தொடமாட்டோம் என்று உலகின் முன் சொல்லியது. நம் அரசியலில் பெருமைப்படத்தக்க நிகழ்வுகள் அருகியே உள்ளன. இதனை அவற்றுள் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

எங்கள் தென்னந்தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். 2000 ஆம் ஆண்டில் ஆனையிறவைச் சூழ்ந்து நடந்த பெருஞ்சமரின்போது எங்கள் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2002 பெப்ரவரி 22 அன்று போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏப்ரலில் கண்டி வீதி திறக்கப்பட்டது. மக்கள் ஆவலோடு திரும்பினர். என் தாயாரின் தங்கை, நான் சின்னம்மா என்று அழைப்பவர், முதலில் திரும்பியவர்களுள் ஒருவர். வீடு கூரையின்றி நின்றது. கிணறு தூர்ந்து கிடந்தது. தென்னைகளில் பாதி தலையிழந்து நின்றன. ஆயினும் அது சொந்த மண். ஆனி மாதத்தில் ஒரு காலைப்பொழுது, அடுப்பெரிக்க மட்டையும் பாளையும் பொறுக்குவதற்காகத் தோட்டத்தின் பின்புறம் போனவரை, அயலவர் இருவர் சாக்குக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

மிதிவெடி பாதத்தை மாத்திரம் எடுத்துக்கொள்வதில்லை. வெடியின் வேகம் மண்ணையும், புல்லையும், செருப்பின் துண்டுகளையும், உடைந்த எலும்பையும் மேல்நோக்கித் தசைக்குள் ஏற்றிவிடுகிறது. அழுகல் பரவாதிருக்க வேண்டுமானால், காயத்துக்கு வெகு மேலே, நல்ல தசை உள்ள இடத்தில் மருத்துவர் வெட்ட வேண்டும். சின்னம்மாவின் வலது கால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிவடைந்தது. பின்னர் அவருக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். அது வாழ்நாளுக்குப் போதுமான ஒரு பொருள் அன்று. வளர்ந்தவருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறையும், வளரும் பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு கணத்தில் வெடித்த வெடி, ஒரு வாழ்நாள் முழுவதற்கும் செலவுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறது.

அந்த வெடியைப் புதைத்தவர் யார் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அந்நிலம் கைமாறிக் கைமாறி நின்ற நிலம். சின்னம்மாவும் அதனைப் பெரிதாக விசாரிக்கவில்லை. வைத்தியசாலையில் நான் அருகில் அமர்ந்திருந்தபோது அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “தம்பி, சமாதானம் வந்திட்டுது எண்டுதானே நான் வளவுக்குள்ள போனனான்.”

பாதுகாப்புக் கொள்கை பற்றிய பெரிய நூல்களில் இந்த ஒரு வாக்கியத்துக்கு விடை இருக்கிறதா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. நிபுணர்கள் மிதிவெடியின் படைப் பயனைப் போர் நடக்கும் நாள்களைக் கொண்டு அளக்கிறார்கள். அதன் விலையைச் செலுத்துகிறவர்களோ பெரும்பாலும் போர் முடிந்த பிறகு வருகிறவர்கள். 2023 ஆம் ஆண்டில் மிதிவெடிகளாலும் வெடிக்காது கிடந்த பிற வெடிபொருள்களாலும் உலகில் இறந்தும் காயமுற்றும் பதிவானோர் 5,757 பேர். அவருள் நூற்றுக்கு 84 பேர் பொதுமக்கள்.

இனி அந்த வடபுல நாடுகளின் நியாயத்தையும் நேர்மையாகக் கேட்போம். பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே 1,300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட எல்லை உண்டு. 1939 நவம்பரில் அந்த எல்லையைத் தாண்டி ஒரு பெரும் படை வந்ததை அம்மக்கள் மறக்கவில்லை. மூன்று பால்டிக் நாடுகளும் 1940 இல் தம் சுதந்திரத்தை இழந்து, அரை நூற்றாண்டு கழித்தே அதனை மீளப் பெற்றன. 2022 பெப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைந்ததும் அந்தப் பழைய அச்சம் உயிர்பெற்று எழுந்தது. பதினான்கு இலட்சத்துக்கும் குறைந்த மக்களைக் கொண்ட எஸ்தோனியா, தன் அயலிலுள்ள பேரரசை எதைக் கொண்டு தடுப்பது? அந்த அயலவர் எந்தத் தடைக்கும் கட்டுப்படாதபோது, தான் மட்டும் ஏன் கட்டுண்டு நிற்க வேண்டும்? 2023 இல் உக்ரேனியப் படையின் முன்னேற்றத்தை ரஷ்யரின் மிதிவெடி வயல்கள் தடுத்து நிறுத்தியதையும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். 2012 இல் உடன்படிக்கையில் சேர்ந்து, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தன் மிதிவெடிகளை 2015 ஆம் ஆண்டு முடிவதற்குள் அழித்து முடித்த பின்லாந்து, அது காலமறியாத செயல் என்று இன்று கருதுகிறது.

இவ்வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. வீட்டு வாசலில் புலி நிற்கும்போது அறம் பேசுவது அயலூரானுக்கு எளிது. ஆனால் நான் அயலூரான் அல்லன். மிதிவெடி காத்த எல்லைகளுக்குள் வாழ்ந்தவன். அந்த அனுபவத்தின் உரிமையால் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, ஒட்டாவா உடன்படிக்கை எல்லா வெடிகளையும் தடைசெய்யவில்லை. தாங்கிகளையும் கனரக வாகனங்களையும் தடுக்கும் கண்ணிவெடிகள் அதன் தடைக்குள் அடங்கவில்லை. காவலிருக்கும் வீரன், வருவது யாரென்று கண்டு, தானே இயக்கும் வெடியும் தடைக்குள் வரவில்லை. மிதித்தவரால் தானாக வெடிக்கும் வெடியே தடுக்கப்பட்டது. அதாவது, ஒரு நாட்டின் தற்காப்பை உடன்படிக்கை பறிக்கவில்லை. கொல்வதா விடுவதா என்ற தீர்மானத்தை ஒரு மனிதன் தன் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று மாத்திரம் கேட்டது. 1996 இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு, 1940 முதல் நடந்த 26 போர்களைப் படைத்துறை வல்லுநரைக் கொண்டு ஆராய்வித்து வெளியிட்ட நூலும், ஆட்களுக்கெதிரான மிதிவெடிகள் போரின் போக்கைத் தீர்மானித்த சான்று அரிது என்றே கூறியது. அவை எதிரியைத் தாமதிக்கச் செய்யும். அதுவும் அவற்றின் பின்னால் துவக்குகளும் பீரங்கிகளும் விழித்திருந்தால் மட்டுமே. காவலற்ற மிதிவெடி வயலை ஒரு படை ஓரிரவில் கடந்துவிடும். கடக்க முடியாமல் நிற்பவர்கள் அந்நிலத்துக்கு உரிய உழவர்களே.

இரண்டாவது, வரைபடங்களைப் பற்றியது. புதைப்பதைப் பதிவு செய்வோம், வேலியிடுவோம், போர் முடிந்ததும் அகற்றுவோம் என்று அந்நாடுகள் சொல்கின்றன. அவர்கள் ஒழுங்கு மிக்க மக்கள். அவ்வாறே செய்ய விரும்புவார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் போர் தொடங்கியதும் வரைபடம் வரைபவன் முதல் நாளிலேயே இறந்துபோகக் கூடும். முன்னரங்கு பின்வாங்கும், வேறொருவர் அதன்மேல் தம் வெடிகளைப் புதைப்பர். மழை மணலை அரித்துச் செல்லும். வெடியும் கூடவே நகரும். போக்லாந்துத் தீவுகளில் 1982 இல் நடந்த போர் பத்து வாரங்களில் முடிந்தது. அங்கே புதைக்கப்பட்ட வெடிகளின் இறுதி வயல் துப்புரவானது 2020 நவம்பரில். செல்வமும் தொழில்நுட்பமும் நிறைந்த பிரித்தானியாவுக்கே முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

அகற்றும் பணியின் தன்மையை நான் நேரில் அறிவேன். சின்னம்மாவின் மூத்த மகள், எனக்குத் தங்கை முறையானவள், போர் முடிந்த பின்னர் சில ஆண்டுகள் முகமாலையில் அப்பணியில் இருந்தாள். முகமாலை, நாகர்கோவில், கிளாலி என நீளும் அந்தப் பழைய முன்னரங்குப் பகுதி உலகிலேயே வெடி அடர்ந்த நிலங்களுள் ஒன்றாக இருந்தது. வெயிலில் தடித்த காப்புச் சட்டையும் முகக் கவசமும் அணிந்து, முழங்காலில் இருந்தபடி, நீண்ட பிடியுள்ள வாரியால் மணலைத் தன்பக்கம் மெல்ல இழுத்து இழுத்து அவள் வேலை செய்தாள். குண்டுச் சிதறல்கள் எங்கும் இறைந்து கிடந்தமையால், உலோகம் காட்டும் கருவி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்குமாம். ஆகவே வாரியே அங்கு நம்பிக்கைக்குரிய கருவி. ஒரு நாள் முழுவதும் உழைத்தால் சில சதுர மீற்றர் நிலம் மனிதருக்குத் திரும்பக் கிடைக்கும். பயமில்லையா என்று ஒரு முறை கேட்டேன். “அம்மா மிதிச்ச மாதிரி இனி ஒருத்தரும் மிதிக்கக் கூடாது, அண்ணை” என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

ஒரு மிதிவெடியைச் செய்ய மூன்று முதல் முப்பது டொலர் வரை செல்லும் என்றும், அதனை மண்ணிலிருந்து அகற்ற 300 முதல் 1,000 டொலர் வரை செல்லும் என்றும் தொண்ணூறுகளில் ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர், கூலி கொடுப்பவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவரின் மனம் மாறினால் பணி நின்றுவிடும். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது, உலகின் பல நாடுகளில் வெடி அகற்றுவோர் தம் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதாயிற்று. வெடிகள் மட்டும் தம் இடத்திலேயே காத்திருந்தன.

மூன்றாவது, வாக்குறுதியைப் பற்றியது. என் கலக்கத்தின் ஆணிவேர் இதுவே. ஆயுதத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அமைதிக் காலத்தில் எழுதப்படுகிறது. ஆனால் அது எழுதப்படுவது போர்க் காலத்துக்காகவே. அச்சமில்லாத நாளில் எவரும் மிதிவெடி புதைப்பதில்லை. ஆபத்து வரும்வரை காப்போம், வந்ததும் கைவிடுவோம் என்றால், அந்த வாக்குறுதி ஒரு நாளும் வாக்குறுதியாக இருந்ததில்லை என்றாகிவிடும். இவ்வுடன்படிக்கையை எழுதியோர் இதனை முன்னறிந்திருந்தனர். ஆறு மாதக் கெடு முடியும் வேளையில் விலகும் நாடு போரில் ஈடுபட்டிருந்தால், போர் முடியும் வரை விலகல் செல்லாது என்று விதித்து வைத்தார்கள். உக்ரேன் விலகாமல், ‘நிறுத்தி வைப்பு’ என்ற புதிய சொல்லைத் தேடியதன் பின்னணி இதுவே. இன்று மிதிவெடியில் திறக்கப்பட்ட இக்கதவு நாளை எந்த உடன்படிக்கையில் திறக்கப்படும்? கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையிலிருந்து லித்துவேனியா 2025 மார்ச்சிலேயே வெளியேறிவிட்டது. இரசாயன ஆயுதம், போர்க் கைதிகள், காயமுற்றோர் ஆகியோரைப் பற்றிய விதிகளும், அச்சம் மிகும் நாளில் கனமான சுமையாகவே தோன்றும்.

எல்லையில் ரஷ்யா இருந்தும் விலகாத நாடொன்று உண்டு. நோர்வே, தான் உடன்படிக்கையிலேயே நிற்கப்போவதாக 2025 இல் அறிவித்தது. அதுவும் நேட்டோ அணியில் உள்ள நாடே. அதன் வடகோடியும் ரஷ்ய மண்ணைத் தொடுகிறது. ஒஸ்லோவில் பிறந்த உடன்படிக்கையை ஒஸ்லோ கைவிடவில்லை. நம் நாட்டின் 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்கு நடுவராக நின்ற நாடு என்பதால் நாம் நோர்வேயை நன்கறிவோம். அம்முயற்சியைப் பற்றி நம்மிடையே பலவகைக் கருத்துகள் உண்டு. ஆனால் அஞ்சும்போதும் சொற்காத்து நிற்க இயலும் என்பதற்கு அந்நாடு இன்று ஒரு சான்று.

இவ்விடத்தில் இன்னொன்றையும் எண்ண வேண்டியிருக்கிறது. மனிதனின் கட்டளையின்றித் தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் இயந்திரங்களைப் பற்றி உலகம் இன்று விவாதிக்கிறது. 2023 டிசெம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் 152 நாடுகள் அதைப் பற்றிய கவலையைத் தெரிவித்து வாக்களித்தன. அறிவு மிக்க அந்தப் புதிய கருவிக்கும் அறிவற்ற பழைய மிதிவெடிக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டுமே, கொல்லும் தீர்மானத்தை மனிதனின் மனச்சான்றிலிருந்து பிரித்து வேறொன்றிடம் ஒப்படைக்கின்றன. மிதிவெடித் தடையில் உலகம் முதன்முறையாக, இத்தீர்மானத்தை வேறெதனிடமும் ஒப்படைக்கலாகாது என்று சொல்லியிருந்தது. அந்தச் சொல் தளரும் காலத்திலேயே புதிய இயந்திரங்களும் வாசலுக்கு வந்திருப்பது, நம்மை விழிப்படையச் செய்ய வேண்டும்.

நம்மால் என்ன செய்ய இயலும் என்று வாசகர் கேட்கலாம். பெரிய நாடுகளின் கொள்கையை மாற்றும் வலிமை நமக்கில்லை. ஆனால் நம்மிடம் ஒரு சாட்சியம் இருக்கிறது. நம் உறவினர் இன்று ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் குடிமக்களாக, வாக்காளராக வாழ்கின்றனர். மிதிவெடி என்றால் என்ன என்பதை அங்குள்ள பெரும்பாலோர் படங்களில் கண்டிருப்பர். நம்மவர் கண்ணால் கண்டவர். அந்த நாடுகளில் இக்கேள்வி எழும்போது, வாய் திறந்து பேசும் கடமை அவர்களுக்கு உண்டு. இங்கே நமக்கும் ஒரு கடமை உண்டு. இலங்கைக்கு உடன்படிக்கை வகுத்துக் கொடுத்த பத்தாண்டுக் கெடு 2028 இல் முடிகிறது. எஞ்சிய நிலம் துப்புரவாகும் வரை இப்பணியை அரசு மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், காலிழந்தோரை இவ்வுடன்படிக்கை நினைவில் வைத்திருப்பதுபோல் நாமும் நினைவில் வைத்திருப்பதும் நம் பொறுப்பு. பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதை ஒரு கடப்பாடாகத் தன்னுள் எழுதிவைத்த முதலாவது ஆயுதத்தடை உடன்படிக்கை இதுவே.

அஞ்சி நிற்கும் அந்த வடபுலத்து மக்களுக்கு எந்தத் தீங்கும் நேராதிருக்கட்டும். அவர்களுடைய காடுகளில் அந்த வெடிகள் ஒருபோதும் புதைக்கப்படாதிருக்கட்டும். புதைக்கப்பட்டால், ஒரு நாள் போர் முடியும். மக்கள் மகிழ்ந்து வீடு திரும்புவர். காட்டுக்குள் விறகோ பழமோ பொறுக்க ஒரு தாய் போவாள். அவளைக் காக்கும் வழியை இன்றே எண்ணிப் பார்ப்பதும் பாதுகாப்புக் கொள்கையே என்று, காலிழந்த ஒரு தாயின் மண்ணிலிருந்து பணிவோடு சொல்லிவைக்கிறேன்.